தஞ்சாவூரிலிருந்து தூத்துக்குடிக்கு: வீடு மாற்றுகிறவர்களின் கேள்விகள்

*வாசகி, கரந்தை, தஞ்சாவூர்*

என் கணவருக்குத் தூத்துக்குடிக்கு மாற்றல் வந்திருக்கிறது. கடலைப் பார்த்த மாதிரி மாடி வீடு ஒன்று வாடகைக்கு இருக்கிறது, காற்று நன்றாக வருகிறது. வெயில் தாங்குமா என்று என் மாமியார் பயப்படுகிறார். எடுக்கலாமா?

வெயிலுக்குப் பயப்பட வேண்டியதில்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள். தஞ்சாவூரின் சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்குத் தூத்துக்குடி வெயில் புதிதல்ல. பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் அங்கே உடம்பு கசகசக்கும், ஆனால் எரியாது. நீங்கள் இதுவரை பார்க்காதது உப்பு. வீடு பார்ப்பதிலிருந்து வீணையை எங்கே வைப்பது என்பது வரை எல்லா முடிவையும் அதை வைத்தே எடுங்கள்.

அலை உடையும்போது தெறிக்கும் துளிகளைக் காற்று தூக்கிக்கொண்டு வருகிறது. தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் கம்பியிலும் கதவிலும் படிகிறது. அந்த உப்பு காற்றின் ஈரத்தைத் தானாக இழுத்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும் இரும்பின் மேல் ஓர் ஈரப் படலம் இருந்துகொண்டே இருக்கும். கடலிலிருந்து தள்ளிப் போகப் போக இந்தத் தொல்லை வேகமாகக் குறையும். நடுவில் நான்கு வரிசை வீடுகள் மறைத்தாலே வித்தியாசம் தெரியும். அதனால் கடலுக்கு நேர் முதல் வரிசை வேண்டாம். மில்லர்புரம் போல உள்ளே தள்ளிய பகுதியில், கிழக்கே ஜன்னல் உள்ள வீடு கிடைத்தால் காற்றும் வரும், பொருட்களும் பிழைக்கும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வீட்டில் பார்க்க வேண்டியவை சில உண்டு. வாசல் கேட்டின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். ஜன்னல் கம்பிகளிலும் சன்ஷேடுக்கு அடியில் மறைந்திருக்கும் மேல் பகுதியைப் பாருங்கள். மழைத் தண்ணீர் படும் இடத்தில் உப்பு அவ்வப்போது கழுவப்பட்டுவிடும், படாத இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். தூத்துக்குடியில் மழை குறைவு, பெய்வதும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மீதி மாதங்களில் கழுவிவிட ஆளில்லை.

அடுத்தது கான்கிரீட். உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து ஊதும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் பிளந்துவிடும். கம்பி ஓடும் திசையிலேயே நீளமாகப் போகும் விரிசல், பழுப்புக் கறை, கூரையில் அங்கங்கே புதிதாகப் பூசிய திட்டுகள் ஆகியவை இதன் அடையாளம். குச்சியால் கூரையைத் தட்டிப் பாருங்கள். "டக்" என்று கெட்டியான சத்தம் வர வேண்டும். உள்ளே வெற்றிடம் இருப்பது போலக் கேட்டால் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. சன்ஷேடின் அடிப்பக்கம், மாடிப்படியின் அடி, தொட்டி மூடி, குளியலறைக் கூரை ஆகிய நான்கையும் விடாமல் தட்டுங்கள். புது பெயின்ட் அடித்த வீட்டில் இன்னும் கவனமாகத் தட்டுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை ஊரில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. வீட்டுக்காரரிடம் கேட்டால் "இங்கே வரவே இல்லை" என்பார். எதிர்க்கடையில் கேளுங்கள். சுவரில் தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரத்தில் நேர்க்கோடாகக் கறையோ, அந்த உயரம் வரை மட்டும் வேறு நிறமோ இருந்தால் அதுவே பதில். பக்கிள் ஓடைக் கரையிலும் குளத்து உபரிநீர் போகும் பாதையிலும் தரைத்தளம் எடுக்காதீர்கள். மீட்டர் பெட்டியும் மோட்டார் சுவிட்சும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்த்துவிடுங்கள்.

*வாசகர், மருத்துவக் கல்லூரிச் சாலை, தஞ்சாவூர்*

இரண்டு ஏ.சி., பிரிட்ஜ், ஒரு ஸ்கூட்டர், சொந்தமாகச் செய்த இரும்பு கிரில் ஊஞ்சல் இருக்கின்றன. எதைக் கொண்டுபோவது, எதை விற்றுவிடுவது?

பிரிட்ஜும் ஊஞ்சலும் வரட்டும். ஏ.சி.யில்தான் யோசனை. வெளியே வைக்கும் பெட்டியில் செப்புக் குழாயைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் இருக்கும். இரண்டு உலோகம் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும், குளிர்ச்சி குறைந்து கரன்ட் கூடும். தகடு நீலமாகவோ பொன்னிறமாகவோ இருந்தால் பூச்சு உள்ளது, கொண்டுபோகலாம். வெறும் வெள்ளித் தகடாக, ஐந்தாறு வருடம் ஓடியதாக இருந்தால் தஞ்சாவூரிலேயே விற்றுவிடுங்கள். கழற்றி மாட்டும் கூலியும் கேஸ் நிரப்பும் செலவும் அதற்குத் தகாது.

வெளிப்பெட்டியைக் கடற்காற்று நேரே அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள். மாதம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் தோட்டக் குழாயால் மேலிருந்து கீழாக மெதுவாகக் கழுவுங்கள். வண்டி கழுவும் அழுத்தக் குழாய் வேண்டாம், தகடுகள் மடங்கிக் காற்றுப் பாதை அடைபடும். போர் தண்ணீரில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியதாகும். பெட்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கிதான் பலர் மறக்கும் இடம். துரு தின்ற தாங்கியிலிருந்து பெட்டி கீழே விழும் ஆபத்து உண்டு. கால்வனைஸ் செய்த தாங்கியும் எவர்சில்வர் போல்ட்டும் கேட்டு வாங்குங்கள்.

ஊஞ்சலுக்குத் தஞ்சாவூரிலேயே பெயின்ட் அடித்துவிட்டால் வேலை பாதி குறையும். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவைச் சுரண்டுங்கள். நல்ல தண்ணீரில் கழுவி, முழுக்கக் காயவிடுங்கள். துத்தநாகம் கலந்த பிரைமரை முதலில் வெல்டிங் இணைப்புகளிலும் ஓரங்களிலும் பிரஷ்ஷால் அடித்து, பிறகு மொத்தமாக ஒரு கை, மேலே எனாமல் இரண்டு கை. கழுவாமல் அடித்தால் உப்பு பெயின்டுக்கு அடியில் சிக்கிக்கொண்டு கொப்புளமாகக் கிளம்பும். இரண்டே மாதத்தில் பெயின்ட் உரிகிறது என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டியவர்கள்தான். எவர்சில்வர் கிரில் புதிதாகச் செய்வதானால் 304 ரகம் கடலோரத்தில் தேநீர் நிறக் கறை பிடிக்கும், 316 ரகம் தாங்கும். இரண்டையும் காந்தம் வைத்துப் பிரித்தறிய முடியாது, பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஸ்கூட்டரை வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் நிறுத்தினால் போதும்.

*வாசகி, கீழவாசல், தஞ்சாவூர்*

அங்கே தண்ணீர் எப்படி? ஆர்.ஓ. இயந்திரம் கட்டாயமா?

மாநகராட்சிக் குழாயில் வருவது தாமிரபரணித் தண்ணீர், ருசி பிடித்துப்போகும். போர் தண்ணீர் தெருவுக்குத் தெரு மாறும், பெரும்பாலும் உப்புக் கரிக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் சிறிய டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். வீட்டுக் குழாய்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள், சில வீடுகளில் சமையலறைக்கு ஒன்றும் குளியலறைக்கு இன்னொன்றுமாக இணைப்பு கொடுத்திருப்பார்கள். இந்தியத் தர அளவு குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை. குழாயில் 300-க்குக் கீழே காட்டினால் ஆர்.ஓ. வேண்டாம், கிருமியைக் கொல்லும் யு.வி. வடிகட்டி போதும். ஆர்.ஓ. போட்டால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று குடம் கழிவாகப் போகும். தண்ணீர் அருமையான ஊரில் அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயில் தினமும் வரும் என்று எண்ணாமல் தொட்டியின் அளவைக் கேளுங்கள். தலைக்கு 135 லிட்டர் வீதம் நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 540 லிட்டர். நான்கு நாள் தாங்க 2,160 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். வாட்டர் ஹீட்டர் போர் தண்ணீரில் ஓடினால் உள்ளே தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடும் மக்னீசியத் தண்டு சீக்கிரம் கரைந்து, அடுத்து ஹீட்டரின் தொட்டியே ஓட்டையாகும். வருடம் ஒரு முறை கழற்றிப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

*வாசகர், நாஞ்சிக்கோட்டை சாலை, தஞ்சாவூர்*

ரேஷன், கேஸ், வண்டி, ஓட்டு எல்லாவற்றுக்கும் எத்தனை முறை அலைய வேண்டும்?

ஒரே மாநிலம், அதனால் சுலபம். கேஸ் மட்டும் கிளம்பும் முன்: சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து மாறுதல் சீட்டு வாங்குங்கள், அதைக் காட்டினால் புது ஏஜென்சியில் இணைப்பு கிடைக்கும். அடுப்பு உங்களுடையது, ஒப்படைக்க வேண்டாம். ரேஷன் பொருளை மாநிலத்தில் எந்தக் கடையிலும் கைரேகை வைத்து வாங்கலாம், அட்டையின் முகவரியை நிதானமாக மாற்றுங்கள். வண்டியின் ஆர்.சி.யில் முகவரியை 30 நாளுக்குள் மாற்ற வேண்டும். டி.என். 49 எண் அப்படியே இருக்கும். ஓட்டுக்குப் படிவம் 8. பள்ளியில் டி.சி. வாங்கும்போதே, பள்ளிக் கல்வித் துறை பிள்ளைக்குக் கொடுத்திருக்கும் எமிஸ் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

புது வீட்டின் மின் இணைப்பு எண்ணை வைத்து பழைய பாக்கி இருக்கிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே பாருங்கள். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் முந்தைய யூனிட்டுகளுக்கும் கட்டண அடுக்கு மாறிவிடும். இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டில் 495-க்கும் 505-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

*வாசகி, மேல வீதி, தஞ்சாவூர்*

பாட்டி வாசித்த, ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையும், கல்யாணத்துக்குக் கொடுத்த தஞ்சாவூர் ஓவியம் இரண்டும் இருக்கின்றன. லாரியில் ஏற்றப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, வீணையை லாரியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். மெட்டுகள் நிற்பது தேன்மெழுகும் கரித்தூளும் கலந்த படுக்கையில். மத்தியான வெயிலில் மூடிய லாரிக்குள் மெழுகு இளகினால் மெட்டுகள் இருபத்துநான்கும் சாய்ந்து சுருதி போய்விடும். காரின் பின் இருக்கையில், விடியற்காலையில் கிளம்பிக் கொண்டுபோங்கள். டிக்கியில் வேண்டாம். தந்திகளை இரண்டு, மூன்று சுரம் இறக்குங்கள், முழுக்கத் தளர்த்தாதீர்கள். தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பிடித்து வைத்திருப்பது தந்தியின் இழுப்புதான், அது போனால் குதிரை நகர்ந்துவிடும். தந்திக்கும் மெட்டுக்கும் இடையே மெல்லிய பருத்தித் துணியை நீளமாகச் செருகுங்கள். சுரைக்காயைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். போய்ச் சேர்ந்ததும் சுருதி நிற்கவில்லையே என்று உடனே மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் மறுபடி பதிக்க, ஆள் தேடாதீர்கள். பலாமரம் புது ஈரத்தை வாங்கிச் சமநிலைக்கு வரச் சில வாரம் ஆகும், பிறகு பாருங்கள். வாசித்து முடித்ததும் தந்தியைக் காய்ந்த துணியால் துடைக்கும் பழக்கம் அங்கே கட்டாயம்.

ஓவியத்துக்கு எதிரி ஈரம். பலகைமேல் ஒட்டிய துணி, அதன்மேல் சுண்ணாம்புத்தூளும் பசையும் குழைத்த மேடு, அதன்மேல் தங்கரேக்கு. பசை ஈரம் குடித்தால் பூஞ்சை பிடிக்கும், ரேக்கு எழும்பும். கண்ணாடிமேல் காகித டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஓரங்களுக்கு தெர்மாகோல் கொடுத்து, நிறுத்திய நிலையில் ஏற்றுங்கள். படுக்கவைத்தால் குலுங்கலில் கல் உதிரும். அங்கே வெளிச்சுவரில் மாட்டாமல் வீட்டின் உள்சுவரில், சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் கார்க் துண்டு ஒட்டி, அரை அங்குலம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஈரத்துணி ஒருநாளும் படக்கூடாது.

ஆடியிலும் மார்கழியிலும் நம் வீடுகளில் குடி போவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை. பள்ளி முடிந்து வைகாசியில் சாமான் போகட்டும். வீணையும் ஓவியமும் மட்டும் தை, மாசியில் முன்னாடியே போய்விட்டால் நல்லது. அப்போது மழையும் இல்லை, வெயிலும் ஏறவில்லை.

*வாசகர், கும்பகோணம்*

வீட்டில் வளர்த்த வெற்றிலைக் கொடியைத் தொட்டியோடு கொண்டுபோகலாமா?

தொட்டியோடு வேண்டாம், நான்கு கணு உள்ள துண்டுகளாக வெட்டி ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். வீட்டுக்கு மேற்குப் பக்கம், கடற்காற்று படாத சுவரோரம், நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக அடிக்கும், அந்த மாதங்களில் மட்டும் இடம் மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். இலையின் ஓரம் கருகத் தொடங்கினால் உப்பு ஏறுகிறது என்று பொருள், இலையை நல்ல தண்ணீரால் கழுவி, தொட்டியின் அடியில் வடியும்வரை நீர் விடுங்கள்.

இவ்வளவு செய்தும் பிடிக்காவிட்டால், திருச்செந்தூர் பக்கத்து ஆத்தூரில் தாமிரபரணித் தண்ணீரில் விளையும் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. அங்கே ஒரு கொடிக்கால்காரரிடம் இரண்டு துண்டு கேட்டு வாங்கி வையுங்கள்.