அழித்தாலும் திரும்பி வரும் எஞ்சின் லைற்: சென்சரை மாற்றுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

கேள்வி: ஒட்டுசுட்டானில் வசிக்கிறேன். 2010ஆம் ஆண்டு ரொயோட்டா அக்சியோ வைத்திருக்கிறேன். எஞ்சின் லைற் எரிந்ததால் கராஜில் ஸ்கானர் போட்டுப் பார்த்தார்கள். பி0171 என்று காட்டியது. அழித்துத் தந்தார்கள், சில நாட்களில் மறுபடியும் எரிகிறது. இப்போது ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? நானே ஒரு புளூரூத் ஸ்கானர் வாங்கி, எரியும்போதெல்லாம் அழித்துக்கொண்டு ஓடலாமா?

பதில்: சென்சருக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்க வேண்டாம், அழித்துக்கொண்டே ஓடவும் வேண்டாம். பி0171 என்பது எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று கூடிப் பெற்றோல் குறைந்துவிட்டது என்ற முறைப்பாடு. புகைக்குழாயில் மிஞ்சி வரும் ஒட்சிசனை அளந்து அந்த முறைப்பாட்டைக் கொண்டுவருவதே ஒட்சிசன் சென்சர்தான். அதன் ஹீற்றர் பழுதானால் பி0031 போன்ற வேறு எண்கள் விழும். சென்சரே பிழையான அளவு கொடுக்கும் சந்தர்ப்பமும் உண்டு என்றாலும், மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகே அதைச் சந்தேகிக்க வேண்டும். கோட் எனப்படும் எந்தப் பழுது எண்ணும், எந்த இடத்தில் கணக்குப் பிழைக்கிறது என்று மட்டுமே சொல்லும். எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது.

வன்னியில் இந்த எண் விழுந்தால் முதலில் திறக்க வேண்டியது எயார் பில்ற்றர் பெட்டி. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியை விட்டு உள்ளே இறங்கினால் பல இடங்களில் இன்னும் கிரவல் வீதிதான், கோடையில் முன்னே போகும் உழவு இயந்திரம் கிளப்பும் புழுதி முழுவதையும் உங்கள் எஞ்சின்தான் இழுக்கிறது. பில்ற்றரைக் கழற்றி, கொம்பிரசரில் காற்றடித்து, திரும்பப் போடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. கடும் அழுத்தக் காற்று பில்ற்றரின் தாளைச் சேதப்படுத்திவிடும். அதன் பிறகு நுண்ணிய புழுதி உள்ளே போய், காற்றை அளக்கும் மாஸ் எயார்ப்ளோ சென்சரின் மெல்லிய கம்பியில் படியும். புழுதி படிந்த கம்பி, உண்மையில் போகும் காற்றைவிடக் குறைவாகக் கணக்குக் கொடுக்க, எஞ்சினை இயக்கும் கம்பியூட்டரும் அதற்கேற்பப் பெற்றோலைக் குறைத்துவிடுகிறது. இந்தச் சென்சரைக் கழுவுவதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள். காபரேற்றர் கிளீனர் அடிப்பதோ, கம்பியை விரலால் துடைப்பதோ கூடாது. பில்ற்றரைப் புதிதாக வாங்கிப் போடுங்கள், சென்சரின் விலையோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவே அல்ல.

அடுத்தது, பில்ற்றர் பெட்டியிலிருந்து, எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டில் வரை போகும் கறுத்த ரப்பர் குழாய். மேலிருந்து பார்த்தால் நல்ல குழாயாகத்தான் தெரியும். எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பின், குழாயை இரண்டு கைகளாலும் பிடித்து வளைத்து, அடிப்பக்கத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் அப்போதுதான் வாய் திறக்கும். அளவெடுக்கும் சென்சரைத் தாண்டி அந்த வெடிப்பால் நுழையும் காற்று யாருடைய கணக்கிலும் வராது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்தோடு இணைந்த சிறிய வக்கும் ஹோஸ்களின் (ரப்பர் குழாய்களின்) முனைகள், பில்ற்றர் பெட்டியின் கிளிப் சரியாக விழுந்திருக்கிறதா என்பவையும் இதே கையோடு பார்க்க வேண்டியவை.

இவற்றில் எது என்று தீர்மானிக்க ஸ்கானர் உண்மையிலேயே உதவும். அதில் லோங் ரேம் பியூவல் ட்ரிம் என்று ஒரு சதவீதம் இருக்கும்: கம்பியூட்டர் வழமையைவிட எவ்வளவு பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்பதை அது காட்டும். பூச்சியத்தை ஒட்டி, 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது; 10ஐத் தாண்டி நிலைத்திருந்தால் ஏதோ சரியில்லை. எஞ்சின் சூடான பின், சும்மா ஓடும் நிலையில் ஒருமுறையும், 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒருமுறையும், பக்கத்திலிருக்கும், உடனுக்குடன் மாறும் ஷோட் ரேம் ட்ரிம் அளவையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சும்மா ஓடும்போது உயர்ந்து, 2500இல் இறங்கினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. மாறாக, வேகம் கூடக் கூட உயர்ந்தால் மாஸ் எயார்ப்ளோ சென்சரையோ, பெற்றோல் பம்ப், பெற்றோல் பில்ற்றர் பக்கத்தையோ பார்க்க வேண்டும். ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் புகைக்குழாய் ஒழுகினாலும் இதே எண் விழக்கூடும்.

கோட் அழிப்பதைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அழிக்கும்போது எண் மட்டும் போவதில்லை. பழுது பதிவான கணத்தில் எஞ்சினின் வெப்பம், வேகம், சுமை என்னவாக இருந்தன என்ற பிறீஸ் பிரேம் பதிவும் போகிறது, பல கார்களில் மேலே சொன்ன ட்ரிம் கணக்கும் பூச்சியத்துக்குத் திரும்புகிறது. பற்றரியைக் கழற்றினாலும் இதே கதிதான். ஆகவே முதலில் எண்ணையும் பிறீஸ் பிரேமையும் போனில் படம் பிடித்துவிட்டு, பழுதைத் திருத்தி, அதன் பிறகே அழியுங்கள். இந்த வகைப் பழுது தொடர்ந்து இரண்டு ஓட்டங்களில் தென்பட்ட பிறகே லைற் எரியும் என்பதால், அழித்தவுடன் எரியவில்லை என்பது திருந்தியதற்கு அத்தாட்சி ஆகாது. சில நாட்கள் ஓடி, ட்ரிம் 5 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். லைற் நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால் மட்டும் கதை வேறு: சிலிண்டரில் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குப் போய் புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிற்றிக் கொன்வேற்றரைச் சூடேற்றி அழித்துக்கொண்டிருக்கிறது, காரை ஓரமாக நிறுத்தி ஆளை அழையுங்கள்.

ஸ்கானர் தாராளமாக வாங்கலாம். ஜப்பானில் உள்நாட்டுப் பாவனைக்கென உருவான சில கார்கள் மலிவு ஸ்கானர்களுக்கு முழுமையாகப் பதில் சொல்லா, ஏபிஎஸ், எயார்பேக் கோட்களை அவை பெரும்பாலும் வாசிக்கா. எனவே வாங்கும் கடையிலேயே உங்கள் காரில் செருகி, ட்ரிம் அளவுகள் வருகின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்ரியறிங்கின் கீழ் உள்ள அந்த 16 முனைச் சொக்கற்றில் சாவியை எடுத்த பின்னும் பற்றரி மின்சாரம் இருக்கும், காரை நாட்கணக்கில் நிறுத்துவதானால் ஸ்கானரைக் கழற்றி வையுங்கள்.