அமலமரித் தியாகிகள் சபை (அ.ம.தி.) என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவியது யார்? அவர்கள் யாழ்ப்பாணம் வரை வந்தது எப்படி?

நிறுவியவர் புனித யூஜின் டி மசெனட். 1782இல் பிரான்சின் எக்ஸ் நகரில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியால் சிதறிப்போன கிராமப்புற விசுவாசத்தை மீட்பதே அவர் நோக்கம். அதனால் 1813ஆம் ஆண்டுத் தவக்காலத்திலேயே, படித்தவர்களின் பிரெஞ்சை விட்டு, கூலிக்காரரும் வேலைக்காரரும் பேசிய புரோவான்சல் மொழியில் மறையுரை ஆற்றினார். 1816 ஜனவரி 25 அன்று சில குருக்களுடன் குழு வாழ்க்கை தொடங்கியது. முதல் தோழர் தெம்பியே அடிகளார். அவர் இல்லாமல் சபை நிலைத்திருக்காது என்பது என் கருத்து. 1826 பெப்ரவரி 17 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் லியோ ஒப்புதல் அளித்தார்.

வெளிநாட்டுப் பணி தொடக்கத்தில் திட்டத்திலேயே இல்லை. மொன்றியல் ஆயர் பூர்ஜே கேட்டதால் 1841இல் கனடாவுக்கு முதல் குழு போனது. 1847இல் யாழ்ப்பாணத்துக்காக பெற்றாச்சினி ஆண்டகை ஆள் கேட்டு வந்தார். அங்கே குருக்கள் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. செமேரியா அடிகளார் தலைமையில் சிறு குழு அதே ஆண்டு நவம்பரில் காலித் துறைமுகத்தில் இறங்கியது. 1857இல் செமேரியாவே யாழ்ப்பாணத்தின் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் பொஞ்சீன் ஆண்டகை.

இந்தப் பணி சில இடங்களில் பலிக்கவில்லை. அல்ஜீரியாவிலிருந்து 1850இல் திரும்பிவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் சூலு மக்களிடையே பணி மிக மெதுவாகவே நகர, 1862இல் ஜெரார்ட் அடிகளாரும் அல்லார்ட் ஆயரும் பசுட்டோலாந்துக்குச் சென்றார்கள். இன்றைய லெசோத்தோ அதுதான். அங்கே பணி வேரூன்றியது.