மாத்திரை போட்டாயா என்று தினமும் கேட்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். சிகிச்சை தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அறை எடுத்து நண்பர்களோடு தங்கியிருக்கிறான். தினமும் போனில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்பேன், "போட்டுட்டேன் அக்கா" என்பான். ஆனால் இந்த முறை வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கூடியிருக்கிறது. பொய் சொல்கிறானே என்று ஆத்திரமாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஆத்திரத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். உண்மையைச் சொன்னால் திட்டு விழும் என்றால் யாரும் "போட்டுட்டேன்" என்றுதான் சொல்வார்கள். ஆப்பிரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கொடுத்து நடத்திய வாய்ஸ் ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. அவர்கள் சொன்ன கணக்குப்படி சுமார் 90 சதவீத மருந்து எடுத்திருந்தார்கள். ரத்தத்தைச் சோதித்தால் மூன்றில் ஒரு பங்கு மாதிரிகளில்கூட மருந்து இல்லை. கையில் மாத்திரையைப் பார்த்தாலே தனக்கு நோய் என்று அக்கம்பக்கம் பேசும் என்ற பயம், பிறகு அவர்களிடம் பேசியபோது தெரியவந்த காரணங்களில் ஒன்று.

உங்கள் தம்பிக்கும் அந்தப் பயம் இருக்கலாம். அதனால் கேள்வியை மாற்றுங்கள். "தினமும் போடுறது யாருக்கும் கஷ்டம்தான். போன வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். மூன்று நாள் என்றால் திட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அந்த மூன்று நாளும் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்: அறையில் ஆள் இருந்தது, டப்பாவைக் குலுக்கினால் சத்தம் கேட்டது, இரவில் குடித்துவிட்டுத் தூங்கியது, மனம் விட்டுப்போனது.

காரணம் தெரிந்துவிட்டால் வழி பிறக்கும். ஆள் இருக்கும் நேரம்தான் தொல்லை என்றால் மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். இப்போது பரவலாகக் கொடுக்கப்படும் டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, எந்த நேரத்திலும் எடுக்கலாம். குளிக்கப் போகும் நேரம்கூடச் சரிதான். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடக் கூடாது. குடியோ மனச்சோர்வோ காரணம் என்றால் அதற்குத் தனியாகச் சிகிச்சை வேண்டும். அறிவுரையால் அது சரியாகாது.

தினமும் போன் செய்வதையும் விட்டுவிடுங்கள். கென்யாவில் நடந்த ஓர் ஆய்வில், வாரம் ஒரு குறுஞ்செய்தி பெற்றவர்களில் 53 சதவீதம் பேர் மருந்தில் ஒழுங்காக இருந்தார்கள். செய்தியே பெறாதவர்களில் 40 சதவீதம். தினமும் செய்தி போனவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. "எப்படி இருக்கே?" என்று வாரத்துக்கு ஒரு முறை கேளுங்கள், போதும். இதே நோயோடு பல வருடமாக நன்றாக வாழும் ஒருவரைச் சிகிச்சை மையத்தின் ஆலோசகர் மூலம் சந்திக்க முடிந்தால் இன்னும் நல்லது. நீங்கள் நூறு முறை சொல்வதை அவர் ஒரு முறை சொன்னால் ஏறும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: "அம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டுவது. யாரிடம் சொல்வது என்பது அவன் முடிவு. அந்த நம்பிக்கை போனால் உங்களிடம் பேசுவதையும் நிறுத்திவிடுவான்.

அவனுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. மருந்தால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை. பல நூறு தம்பதிகளைப் பின்தொடர்ந்த பார்ட்னர் ஆய்வுகளில், இப்படிக் கட்டுக்குள் இருந்தவரிடமிருந்து ஒரு தொற்றுகூட ஏற்படவில்லை. கல்யாணம், குழந்தை எல்லாம் முடிந்துபோனது என்று நினைத்து மாத்திரையை விடுபவர்களுக்கு இது பெரிய பிடிமானம்.

இப்போது வைரல் லோடு கூடியிருப்பதால் தாமதிக்க வேண்டாம். விட்ட நாட்களை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லட்டும். வழக்கமாக ஆலோசனை கொடுத்து, ஒழுங்காக மருந்து எடுக்கவைத்து, சுமார் மூன்று மாதத்தில் மறுபடி சோதிப்பார்கள். அப்போதும் குறையவில்லை என்றால் வைரஸ் அந்த மருந்துக்குக் கட்டுப்படாமல் போய்விட்டதா என்று பார்ப்பார்கள். அதுவரை ஆணுறை கட்டாயம். துணை இருந்தால் அவருக்கும் பரிசோதனையும் தடுப்பு மாத்திரையும் கிடைக்கும். கடந்த 72 மணி நேரத்துக்குள் பாதுகாப்பில்லாத உறவு நடந்திருந்தால் 28 நாள் அவசரத் தடுப்பு மருந்துக்கு அந்தத் துணையை உடனே போகச் சொல்லுங்கள்.