பாதி வீடு பூட்டிக் கிடக்கு, வாடகை மட்டும் முழுசா? - வாசகர் கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல முக்கால்வாசி ஒழுகுது, ஓதம் அடிக்குது, காரை பெயர்ந்து விழுதுன்னு தான். எல்லாமே தமிழ்நாட்டு வீடுங்க, அதனால 2019 பிப்ரவரில அமலுக்கு வந்த 2017 வாடகை சட்டத்த வச்சே பதில் சொல்றேன். ரெண்டு பேர் இன்னும் 1960 சட்டத்த பிடிச்சிட்டு எழுதிருக்கீங்க. அது போயிடுச்சு, விட்டுடுங்க.

கேள்வி: ஒரு ரூம்ல மட்டும் கரண்ட் இல்ல. செலவு யாரோடது?

ஸ்விட்ச், சாக்கெட், பிரேக்கர்னா உங்களோடது. சுவத்துக்குள்ள வயரிங் போயிருந்தா ஓனரோடது. வர்ற எலக்ட்ரீஷியன் கிட்ட எது கெட்டுச்சுன்னு பில்லுலயே எழுதி வாங்கிக்கோங்க.

கேள்வி: பாத்ரூம் ரிப்பேர் பண்ணி தரல, வாடகை நிறுத்திடலாமா?

கூடாது. எந்த ஊர், எவ்ளோ வாடகை, அக்ரிமென்ட் இருக்கா, வீட்ல இருக்கறது அந்த ஒரு பாத்ரூம் தானா, எதுவுமே எழுதல, பதில் மட்டும் உடனே வேணும்னா எப்படிங்க? ரெண்டு மாச வாடகை பாக்கி நின்னா அதுவே உங்கள வெளியேத்த காரணமாயிடும். ரிப்பேர் கேஸ்ல நியாயம் உங்க பக்கம் இருந்தும் வாடகை கேஸ்ல தோத்துட்டு நிப்பீங்க. வாடகைய நிறுத்தாதீங்க, இத எத்தனை தடவை வேணாலும் சொல்வேன்.

கேள்வி: மேல் வீட்டு பாத்ரூம்லேர்ந்து கசிஞ்சு எங்க பெட்ரூம் சீலிங் பூச்சு விழுந்துடுச்சு, கம்பி தெரியுது. 5 மாசமா ரூம பூட்டி வச்சிட்டு நாலு பேரும் ஹால்ல படுக்கிறோம். ஓனர் கிட்ட போன்ல சொல்லி சொல்லி அலுத்துட்டேன், அசோசியேஷன கேளுங்கன்றார், இல்லன்னா காலி பண்ணுன்றார். வாடகை 18,000. அட்வான்ஸ்ல கழிச்சுக்கலாம்னு இருக்கேன்.

முதல்ல அந்த ரூமுக்குள்ள குழந்தைங்கள விடாதீங்க. எங்க பழைய வாடகை வீட்ல ஒரு மத்தியானம் பையன் படுக்கற கட்டில் மேலயே காரை விழுந்துச்சு, அவன் ஸ்கூல்ல இருந்ததால தப்பிச்சான். அந்த ஓனரும் பாத்துக்கலாம் பாத்துக்கலாம்னு தான் 3 மாசம் ஓட்டினார், நானும் உங்கள மாதிரியே வாய்ல சொல்லிட்டு இருந்தேன், கடைசில எப்ப சொன்னேன்னு காட்ட என் கிட்ட ஒரு துண்டு சீட்டு கூட இல்ல. அதனால தான் போன்ல சொன்னேன்னு யாராவது எழுதினா எனக்கு அவ்ளோ கோவம் வருது. இன்னைக்கே எழுதுங்க, தேதி போட்டு, போட்டோ வச்சு, ரிஜிஸ்டர் போஸ்ட்ல அனுப்புங்க, வாட்ஸ்அப்லயும் ஒரு காப்பி போடுங்க.

அசோசியேஷன் கதைய ஒத்துக்காதீங்க. வாடகை வாங்குறது அவர், கட்டட அமைப்பு ரிப்பேரும் பைப் மாத்துறதும் சட்டத்தோட ரெண்டாவது அட்டவணைல ஓனர் பொறுப்பு, அக்ரிமென்ட்ல வேற மாதிரி எழுதிருந்தாலும் அது தான். மேல் வீட்டுக்காரர் கிட்டயோ அசோசியேஷன் கிட்டயோ சண்டை போட வேண்டியது அவர், நீங்க இல்ல.

எழுதியும் செய்யலன்னா நீங்களே ஆள் வச்சு செஞ்சு வாடகைல கழிக்கலாம், ஆனா ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கழிக்க முடியாது. கொத்தனார் 27,000 வாங்கினார்னா மாசம் 9,000, மூணு மாசம். பில் முக்கியம். மேல் வீட்டு கசிவ அடைக்காம கீழ பூசுனா காசு தான் தண்டம், அடுத்த மாசம் மறுபடி விழும்.

இன்னொன்னு, பல பேருக்கு தெரியாதது. வாடகை பேசினதுக்கு அப்புறம் வீட்ல இருக்க இடமோ வசதியோ குறைஞ்சா வாடகைய குறைக்க சொல்லி கேக்கலாம்னு சட்டத்துலயே இருக்கு, ஒத்து வரலன்னா ரென்ட் அத்தாரிட்டி கிட்ட, அதாவது இந்த சட்டப்படி வாடகை விவகாரம் பாக்குற அரசு அதிகாரி கிட்ட, போகலாம். ரெண்டு பெட்ரூம் வீட்டுக்கு பேசின வாடகைய ஒரு பெட்ரூமுக்கு தந்துட்டு இருக்கீங்க, எழுத்துல கேளுங்க. அக்ரிமென்ட் அங்க பதிவாகலன்னா முதல்ல அத முடிங்க.

அட்வான்ஸ்ல கழிக்கிறது மட்டும் வேண்டாம். நீங்களா கழிச்சா அவர் கணக்குல அது வாடகை பாக்கி.

கேள்வி: வீட்ட மொத்தமா ரிப்பேர் பண்ணனுமாம், ரெண்டு மாசம் வெளிய இருங்க, அதே வாடகைக்கு திரும்ப வரலாம்னு ஓனர் வாக்கு குடுத்திருக்கார். நல்ல மனுஷர் தான்.

நல்ல மனுஷர்னா கையெழுத்து போடட்டும். திரும்பி வர்றது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு, புது அக்ரிமென்ட் ரென்ட் அத்தாரிட்டி கிட்ட போனா தான் அவர் குடுத்த வாக்கு செல்லும். சாவி குடுக்கறதுக்கு முன்னாடி இத முடிங்க, அப்புறம் இல்ல.

கேள்வி: ரிப்பேர் பத்தி கேட்டதுலேர்ந்து ஓனர் மோட்டார் போட மாட்டேங்கிறார்.

தண்ணி அத்தியாவசிய சேவை, அத நிறுத்த அவருக்கு உரிமையே இல்ல. ரென்ட் அத்தாரிட்டி கிட்ட மனு குடுங்க, திரும்ப விட சொல்லி இடைக்கால உத்தரவும் கேளுங்க. எந்த தேதிலேர்ந்து தண்ணி வரலன்னு தினமும் குறிச்சு வைங்க.

கேள்வி: ஒரே டாய்லெட், அதுவும் ரெண்டு வாரமா அடைச்சிருக்கு. வேற வீடு பாத்துட்டேன், அக்ரிமென்ட் முடிய 4 மாசம் இருக்கு.

வெறும் அடைப்புன்னா கழுவி விடறது உங்க வேலை, முதல்ல ஆள வச்சு பாருங்க. உள்ள பைப்பே உடைஞ்சிருந்தா அது ஓனரோடது. எழுதி கேட்டும் அவர் செய்ய மறுத்து, ரிப்பேர் இல்லாம அந்த வீட்ல குடியிருக்கவே முடியாதுன்னா, 15 நாள் எழுத்து நோட்டீஸ் குடுத்துட்டு போகலாம். நோட்டீஸ்ல காரணத்த தெளிவா எழுதுங்க, பிளம்பர் சொன்னதையும் எழுதி வாங்கி சேருங்க. அட்வான்ஸ் நீங்க காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள வரணும், அதுல பெயின்டிங்னு ஒரு மாச வாடகைய பிடிச்சா, சுண்ணாம்பு அடிக்கிறதும் அதே அட்டவணைல ஓனர் பொறுப்புன்னு எடுத்துக் காட்டுங்க.