கிணற்றுச் சுண்ணாம்பும் முட்டும்: கேள்விகளுக்குப் பதில்

முட்டு (ஆஸ்துமா) வரும்போது இறுகுவது சுவாசக் குழாயைச் சுற்றியுள்ள மழமழப்பான தசை. அதில் கல்சியம் என்ன செய்கிறது என்பதே இன்றைய பொருள். பல ஆண்டுகள் இந்தக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்தவன் என்பதால் பதில் எழுதுகிறேன்.

உயர்தர மாணவி, நல்லூர்: கல்சியம் குழாயை எப்படிச் சுருக்குகிறது?

தங்கச்சி, ஓய்வில் இருக்கும் தசைக்கலத்தின் உள்ளே உள்ள கல்சியம், வெளிப் பாய்மத்தில் இருப்பதில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான். நரம்பு முனை சுரக்கும் அசற்றைல்கோலின் எம் 3 வாங்கியில் (கலத்தின் மேற்பரப்பில் சைகையை ஏற்கும் புரதம்) ஒட்டியதும், ஐபி 3 என்ற சிறு மூலக்கூறு கலத்துக்குள் உருவாகி உட்களஞ்சியத்தின் கதவைத் திறக்கிறது. அங்கிருந்து கொட்டும் கல்சியம் கல்மொடியுலின் என்ற புரதத்துடன் சேர்ந்து, மயோசின் என்ற தசைப் புரதத்தில் பொசுபேற்றை ஏற்றும் நொதியத்தைத் தூண்டுகிறது. தசை இறுகுகிறது.

பாடநூலில் இல்லாதது இனித்தான். எலியின் நுரையீரலைக் கால் மில்லிமீற்றருக்கும் மெல்லிய சீவலாக வெட்டி, கல்சியம் பட்டால் ஒளிரும் சாயத்தை ஏற்றுவோம். அசற்றைல்கோலின் பட்டதும் கலத்தின் ஒரு முனை பளிச்சிடும், வெளிச்சம் மறுமுனைக்கு ஓடி அணையும், மறுபடி ஓடும். பக்கத்துக் கலம் தன் பாட்டில் வேறு தாளத்தில் துடிக்கும். செறிவைக் கூட்டினால் துடிப்பு விரைவாகும், நடுவிலுள்ள வட்டத் துவாரம், அதாவது காற்றுப் போகும் வழி, சிறுக்கும். முதன்முதலில் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டேன்.

ஒரு தாய், சாவகச்சேரி: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கேத்தல் முழுக்க வெள்ளையாகப் படிகிறது. மகனின் முட்டுக்கு அதுதான் காரணமா?

இல்லை அம்மா. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல்தான் இருக்கிறது. எவ்வளவு குடித்தாலும் இரத்தக் கல்சியத்தை எலும்பும் சிறுநீரகமும் ஓமோன்களும் ஒரே அளவில் வைத்திருக்கும். கேத்தலைப் புளி போட்டுத் தேய்த்துவிடுங்கள். மகன் தடுப்பு இன்ஹேலரை நாள்தோறும் எடுக்கிறாரா என்று பாருங்கள். சுகமாகிவிட்டது என்று அதை நிறுத்தக் கூடாது.

உயிரியல் ஆசிரியர், பருத்தித்துறை: இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நிபெடிபின் கல்சிய வாயிலை அடைக்கிறதே. முட்டுக்கும் கொடுக்கலாமே?

கொடுத்துப் பார்த்தார்கள், சேர். பெரிய பலன் இல்லை. இந்தத் தசைக்கு அது முக்கிய வாயில் அல்ல.

அவரே: வெளியே கல்சியம் இல்லாவிட்டால் இதயம் சுருங்காது என்று ரிங்கர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1883இலேயே காட்டிவிட்டாரே!

அது தவளையின் இதயம். சுவாசக் குழாய்த் தசையைக் கல்சியம் இல்லாத கரைசலில் வைத்தால் கல்சியத் துடிப்பு உடனே நிற்காது. சற்று நேரம் தொடர்ந்து, பிறகுதான் மங்கும்.

அவரே: மங்குகிறது என்றால் வெளிக் கல்சியமும் தேவை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாதியை எழுதாமல் விட்டது என் தவறு. களஞ்சியம் வற்றுவதை ஸ்ரிம் 1 என்ற புரதம் உணர்ந்து, ஒறாய் 1 என்ற வாயிலைத் திறக்க வைக்கிறது. அதன் வழியாக வெளியிலிருந்து கல்சியம் வந்து நிரம்புகிறது. நிபெடிபின் அடைப்பது வேறு வாயிலை. உங்கள் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்தால் மகிழ்வேன்.

மாத்திரைப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை. நடுக்கத்துக்கோ தலையிடிக்கோ கொடுக்கும் புரொப்பிரனலோலை முட்டு உள்ளவர்கள் தொடக் கூடாது. முட்டைத் தணிக்க இழுக்கும் சல்பியூற்றமோல் வேலை செய்யும் வாங்கியையே அது அடைத்துவிடும்.

கோப்பாய்: சல்பியூற்றமோல் என்ன செய்கிறது?

தசைக்கலத்தின் கல்சியத் துடிப்பை மெதுவாக்குகிறது. அதே கல்சியத்துக்குத் தசை இறுகும் அளவையும் குறைக்கிறது. ஆனால் குழாயின் வீக்கத்தை ஆற்றாது. தடுப்பு இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.

மானிப்பாய்: பால்மாவை நிறுத்தவா?

வேண்டாம். சாவகச்சேரி அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

சுன்னாகம்: கிளினிக்கில் தந்த கல்சிய மாத்திரையை விழுங்கலாமா? எனக்கு முட்டு இருக்கிறது.

விழுங்குங்கள். வாயால் போகும் கல்சியம் தசைக்கலத்தின் களஞ்சியக் கதவைத் திறப்பதில்லை. தயவுசெய்து மேலே உள்ளதை வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

கொடிகாமம்: அப்பு ஊமத்தை இலைப் புகை பிடித்துச் சுகமானார். உண்மையா?

சுகம் கிடைத்திருக்கலாம். ஊமத்தையில் உள்ள அத்திரோப்பின் எம் 3 வாங்கியை அடைக்கும். ஆனால் ஓர் இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கூடினால் புத்தி தடுமாறும், உயிரும் போகும். அதே வாங்கியை அடைக்கும் இப்ராட்ரோப்பியம் அளந்த மருந்தாகவே கிடைக்கிறது. இலையை விட்டுவிடுங்கள்.

தெல்லிப்பழை: என் 4 வயது மகளுக்கு எத்தனை தடவை இன்ஹேலர் அடிக்க வேண்டும்?

நான் கலங்களைப் பார்ப்பவன், பிள்ளைகளுக்கு மருந்து எழுதுபவன் அல்லன். வைத்தியரைக் கேளுங்கள். மூச்செடுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்வாங்கினால், விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.