மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கினால் ஏன் உயிர் போகிறது?

காரணம் கார்பன் மோனாக்சைடு. கரி, விறகு, கேஸ், பெட்ரோல் என எதுவானாலும், போதிய காற்று இல்லாமல் அரைகுறையாக எரியும்போது வரும் வாயு இது. நிறமோ வாடையோ கிடையாது. சமையல் கேஸ் கசிந்தால் நாறுவது, அதற்காகவே ஒரு வாடைப்பொருளைக் கலப்பதால்தான். இதில் அந்த எச்சரிக்கையும் இல்லை.

நம் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதை ஒரு பேருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜன் ஏறும், வேண்டிய இடத்தில் இறங்கும். கார்பன் மோனாக்சைடோ 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இருக்கையைப் பிடித்துக்கொள்ளும், லேசில் இறங்காது. பேருந்து ஓடும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஏமாந்துபோய் 98 என்று காட்டலாம்.

முதலில் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல். காய்ச்சலே இல்லாமல் வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் இப்படி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து 108-ஐ அழையுங்கள். தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகள்கூடத் தெரியாது, அதுதான் கொடுமை.

ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கு அறைக்குள் கரி மூட்டவே வேண்டாம், கம்பளி போதும். குளியலறைக்குள் கேஸ் கீசர், வீட்டுக்குள் ஜெனரேட்டர் இரண்டும் கூடாது.

“புகை அடங்கிவிட்டது, வெறும் கங்குதானே” என்று பலர் அடுப்பை உள்ளே கொண்டுவருகிறார்கள்; புகையே இல்லாமல் சிவந்து கனலும் கங்குதான் இந்த வாயுவை நிறைய வெளியிடுகிறது.