ஆடு நடிக்காது, அதான் பயம்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஏலியன் படையெடுப்பு, கொலைகார மிருகம்னு வர்ற சின்ன பட்ஜெட் காமெடி ஹாரர் படங்கள கிண்டலடிக்க மட்டும் பாக்கறவங்க பாதி படத்த தவற விட்டுடறாங்கன்னு போன கட்டுரைல எழுதியிருந்தீங்க. அப்போல இருந்து அது மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. நாங்க நாலு ஃப்ரெண்ட்ஸ் சேந்து இருபது நிமிஷ படம் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம். ஒரு பண்ணைக்கு பக்கத்துல ஏலியன் இறங்குது, அங்க இருக்கற ஆடுங்களும் நாயும் மனுஷங்கள வேட்டையாட ஆரம்பிக்குது, இதான் கதை. கைல காசு கிடையாது. எப்படியும் மட்டமாதான் வரும், அதனால வேணும்னே மட்டமா எடுத்துடுவோம், சிரிக்கறதுக்குன்னே ஜனங்க வருவாங்கன்னு ஒருத்தன் சொல்றான். எனக்கு மனசு ஒப்பல, ஆனா அவனுக்கு பதில் சொல்லவும் தெரியல. சிரிப்பும் பயமும் ஒண்ணா வந்தா ரெண்டுமே நீத்து போயிடாதா? அப்புறம், ஏலியன காட்டணுமா வேணாமா? பொம்மை செஞ்சா பொம்மைன்னு தெரிஞ்சிடுமேன்னு இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்க ஃப்ரெண்ட் சொல்றத மட்டும் செய்யாதீங்க. அத முதல்லயே சொல்லிடறேன், காரணம் கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிங்க.

நீங்க யோசிச்சிருக்கற கதைக்கு எழுபது வருஷ வரலாறு இருக்கு. 1955ல, சின்ன பட்ஜெட் படங்களுக்கு பேர் போன ஹாலிவுட்காரர் ரோஜர் கார்மன் தயாரிப்புல ‘தி பீஸ்ட் வித் எ மில்லியன் ஐஸ்’னு ஒரு படம் வந்துச்சு. பாலைவனத்து ஓரமா ஒரு பண்ணை வீடு, வானத்துல இருந்து ஏதோ இறங்குது, அதுக்கப்புறம் பறவைங்க, கோழிங்க, மாடு, வீட்டு நாய்னு ஒவ்வொண்ணா மனுஷங்க மேல பாய ஆரம்பிக்குது. ஏலியன் மிருகங்களோட மூளைக்குள்ள பூந்து அதுங்க கண்ணு வழியா பாக்குது, அதான் தலைப்புல வர்ற அந்த பத்து லட்சம் கண்ணு. இந்த யோசனை ஏன் இத்தன தடவ திரும்ப திரும்ப வருதுன்னு நான் நெறைய யோசிச்சிருக்கேன், எனக்கு தோணறது என்னன்னா இது காசில்லாதவன் கண்டுபிடிச்ச கதை. ஏலியனுக்கு உடம்பு கிடையாதுன்னு எழுதிட்டா ஏலியன் செய்யற செலவு மிச்சம், அது மிருகங்கள ஆட்டி வைக்குதுன்னு எழுதிட்டா ராட்சச மிருகம் செய்யற செலவும் மிச்சம், பண்ணைல இருக்கற கோழியே போதும். எனக்கு இது ரொம்ப அழகான தீர்வா படுது. கைல இல்லாதத கதையே சரிக்கட்டுது பாருங்க.

ஆனா இங்கதான் அடுத்த சிக்கல் வருது. மிருகத்துக்கு தான் கொலைகாரன்னு தெரியாதே. 1972ல ‘நைட் ஆஃப் த லீபஸ்’னு பெரிய ஸ்டுடியோவே எடுத்த படம், ஆள கொல்ற ராட்சச முயல்கள். குட்டி குட்டியா வீடு, ரோடெல்லாம் மாடல் செஞ்சு அதுல நெஜ வளர்ப்பு முயல ஓட விட்டு ஸ்லோ மோஷன்ல எடுத்தாங்க, பாயற காட்சிக்கு மட்டும் ஆளுக்கு முயல் வேஷம். முயல் என்னதான் பெருசா தெரிஞ்சாலும் முயல் மாதிரியேதான் இருக்கு, மூக்க ஆட்டிட்டு சாதுவா ஓடுது. எல்லாரும் சிரிச்சாங்க. ஆனா அந்த படத்துக்கு மூலக்கதை ரஸ்ஸல் பிராடன் எழுதின ஒரு நாவல், 1964ல வந்தது, அது முழுக்க நையாண்டி. நாவல்ல இருந்த சிரிப்ப ஒட்டுமொத்தமா தொடச்சு எடுத்துட்டு முயல மட்டும் வெச்சுக்கிட்டாங்க. நாம வாசல்ல நிறுத்தின சிரிப்பு கொல்லப்புறமா வந்துடுச்சு, அதுவும் நாம வேணாம்னு நெனச்ச எடத்துல.

உங்க முதல் கேள்விக்கு இதுலயே பாதி பதில் இருக்கு. சிரிப்பும் பயமும் சேந்தா நீத்து போகாது, ரெண்டுக்கும் தனித்தனியா எடம் ஒதுக்காதப்போதான் நீத்து போகும். சிரிப்ப மனுஷங்க கிட்ட குடுங்க, பயத்த மிருகங்க கிட்ட குடுங்க, எடம் மாத்திடாதீங்க. ‘பிளாக் ஷீப்’னு 2006ல நியூசிலாந்துல ஒரு படம் வந்துச்சு, ஆடுங்க மனுஷங்கள கடிச்சு தின்ற கதை, அதோட ஹீரோ ஆட்டு பண்ணைல பொறந்து வளந்தவன், அவனுக்கு ஆட்ட கண்டாலே நடுக்கம். கேக்கவே சிரிப்பா இருக்கா? ஆனா அந்த நடுக்கத்துக்கு பின்னாடி சின்ன வயசுல அவன் பாத்த ஒரு கொடூரம் இருக்கு, அவனுக்கு அது துளியும் காமெடி இல்ல. அவன் பயந்து நம்பறதால நாமளும் கூடவே கொஞ்சம் நம்பிடறோம். உங்க படத்துல ஒரு ஆள் கூட தான் காமெடி படத்துல இருக்கோம்னு தெரிஞ்ச மாதிரி நடந்துக்க கூடாது. கண்ணடிக்கற நடிப்பு ஒரு தடவ வந்துட்டா அதுக்கப்புறம் எத்தன ஆடு பாஞ்சாலும் யாரும் சீட்டு நுனிக்கு வர மாட்டாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் ஒண்ணு சொல்லணும். 1959ல ‘தி கில்லர் ஷ்ரூஸ்’. மூஞ்சூறு மாதிரி ஒரு பிராணி, நாய் அளவுக்கு வளந்துடுச்சு, ஒரு தீவுல மாட்டின மனுஷங்கள சுத்தி வளைக்குது. டைரக்டர் ரே கெல்லாக் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்ல பழம் தின்னு கொட்டை போட்டவரு. மூஞ்சூறுங்க எல்லாமே நெஜ நாய்ங்கதான், மேல ரோமமும் வாலும் கட்டி விட்டிருப்பாங்க, க்ளோசப்புக்கு மட்டும் பல்லு வெச்ச கைப்பொம்மை. நாய்னு பாத்த உடனே தெரியும், எனக்கும் தெரிஞ்சுது, சிரிச்சேன். ஆனா படத்தோட கடைசில வீட்ல இருக்கறவங்க தப்பிச்சு கடற்கரைக்கு போகணும், ஆயுதம் பத்தல, அதனால காலி டிரம்முங்கள கவுத்து ஒண்ணோட ஒண்ணா கட்டி, ஆளுக்கு ஒரு டிரம்முக்குள்ள குனிஞ்சு உக்காந்து, வாத்து நடை நடந்து நகர்ந்து போறாங்க. வெளிய இருந்து பாத்தா வெறும் டிரம்முங்க ஊர்ந்து போகுது, அத விட சிரிப்பான காட்சி கெடையாது. உள்ள இருந்து பாத்தா ஒரு சின்ன ஓட்டை, அந்த ஓட்டைல ஒரு மூக்கு, பல்லு. அங்க எனக்கு சிரிப்பு நின்னு போச்சு. ஒரே காட்சிக்குள்ள ரெண்டும் இருக்கு, கேமரா டிரம்முக்கு வெளியவா உள்ளயாங்கறதுதான் வித்தியாசம், அதுக்கு பைசா செலவு இல்ல. நீங்க ஷூட்டிங் போறதுக்கு முன்னாடி அந்த கடைசி பத்து நிமிஷத்த மட்டுமாவது நாலு பேரும் சேந்து பாருங்க.

சரி, உங்க ஆட்டுக்கு வருவோம். ஆடு முறைக்காது, நடிக்காது, சொன்னத கேக்காது. அத உறும வெக்கறது, பல்ல காட்ட வெக்கறதுன்னு அந்த பக்கமே போகாதீங்க. ஆடு நடிக்காம சும்மா பாக்கறதுதான் பயம். ஆட்டோட கண்ண கிட்ட போய் பாத்திருக்கீங்களா, நடுவுல இருக்கற கண்மணி வட்டமா இருக்காது, படுக்கை வாக்குல நீள்சதுரமா இருக்கும், தலைய திருப்பாமலே ரெண்டு பக்கமும் நோட்டம் விடறதுக்கு இயற்கை குடுத்தது. அந்த கண்ணு என்ன நெனக்குதுன்னு நமக்கு எந்த துப்பும் கெடைக்காது. ரஷ்யால லெவ் குலெஷோவ்னு ஒரு டைரக்டர், நூறு வருஷம் முன்னாடியே ஒரு நடிகரோட சலனமே இல்லாத மூஞ்சிய எடுத்து, பக்கத்துல ஒரு தடவ சூப்பு கிண்ணம், ஒரு தடவ சவப்பெட்டின்னு ஒட்டி காட்டினாரு, ஜனங்க அந்த ஒரே மூஞ்சில பசிய பாத்தாங்க, சோகத்த பாத்தாங்க. மனுஷ மூஞ்சிக்கே அப்படின்னா ஆட்டு மூஞ்சிக்கு கேக்கவே வேணாம். உடைஞ்சு கெடக்கற கதவு, அடுத்து அசையாம நிக்கற ஆடு, அவ்ளோதான், மீதிய பாக்கறவங்க செஞ்சுப்பாங்க.

ராத்திரி காட்சிக்கு இன்னொரு விஷயம் இருக்கு. நாய், பூனை, ஆடு, மாடு இதுங்களுக்கெல்லாம் விழித்திரைக்கு பின்னாடி வெளிச்சத்த திருப்பி அடிக்கற ஒரு படலம் உண்டு, இருட்டுல டார்ச் அடிச்சா கண்ணு மின்னறது அதனாலதான். மங்கலான ஒரு சின்ன லைட்ட லென்ஸுக்கு ஒட்டினாப்ல வெச்சீங்கன்னா போதும், இருட்டுல பத்து பதினஞ்சு பச்ச கண்ணு மெதக்கும். ஏலியன் உள்ள பூந்துடுச்சுன்னு காட்ட இத விட வேற கிராஃபிக்ஸ் எதுக்கு? கோழிக்கும் பன்னிக்கும் அப்படி மின்னாது, அதுங்கள பகல் காட்சிக்கு வெச்சுக்கோங்க.

தெரிஞ்சவங்களோட குறும்பட ஷூட்டிங் ஒண்ணுக்கு நான் போயிருந்தேன், அதுலயும் ஒரு நாய்தான் வில்லன். பாக்கறவங்க கிட்ட எல்லாம் வால ஆட்டிட்டு நிக்குது, ரெண்டு மணி நேரமா ஒரு ஷாட்டும் தேறல. கடைசில அத வளக்கறவர் கேமராவுக்கு பின்னாடி உக்காந்து கைல ஒரு பிஸ்கட்ட வெச்சுக்கிட்டு அசையாம இருந்தாரு. நாய் அப்படியே உறைஞ்சு போய் ஒரே எடத்த வெறிச்சு பாத்துச்சு, வால் நின்னுடுச்சு. எடிட்டிங்ல அந்த ஷாட்டுக்கு முன்னாடி ஒரு ஆள் மாடிப்படில எறங்கி வர்றத சேத்தாங்க, ஸ்கிரீன்ல பாத்தப்போ ரூம்ல ஒருத்தரும் பேசல. பிஸ்கட்டுக்கு ஏங்கினதுதான் கொலைவெறியா தெரிஞ்சுது. சவுண்டையும் மறந்துடாதீங்க, மிருகத்தோட கத்தல ஏத்தி வெக்கறத விட சுத்தி இருக்கற பூச்சி சத்தம் காத்து சத்தம் எல்லாத்தையும் திடீர்னு நிறுத்திட்டு வெறும் குளம்பு சத்தத்த மட்டும் விட்டு பாருங்க.

ஒண்ணே ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், ஆட்டையும் நாயையும் பயமுறுத்தி எடுக்காதீங்க, பட்டாசு, துரத்தறது, கட்டி வெக்கறது எதுவும் வேணாம். அமெரிக்காவுல 1939ல ஒரு படத்துக்காக குதிரைய உயரத்துல இருந்து தண்ணில விழ வெச்சு அது செத்து போச்சு, அதுல கெளம்பின எதிர்ப்புலதான் ஷூட்டிங்ல மிருகங்கள கண்காணிக்கற ஏற்பாடே அங்க வந்துச்சு. மிருகத்த வளக்கறவர் பக்கத்துலயே இருக்கட்டும், அது களைச்சு போச்சுன்னு அவர் சொன்னா அன்னிக்கு பேக்கப்.

இப்போ உங்க ஃப்ரெண்டுக்கு. வேணும்னே மட்டமா எடுக்கறதுன்னா என்ன அர்த்தம், நான் இத நம்பல, நீயும் நம்பாதேன்னு பாக்கறவங்க கிட்ட முன்கூட்டியே சொல்றது. ரெண்டு நிமிஷம் சிரிப்பு வரும், பதினெட்டு நிமிஷம் மிச்சம் இருக்கும். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எடுத்த பீட்டர் ஜாக்சனோட முதல் படம் ‘பேட் டேஸ்ட்’ 1987ல வந்துச்சு, ஏலியன்ங்க ஒரு சின்ன ஊர் ஜனங்கள மொத்தமா கொன்னு கறியாக்கி வேற கெரகத்துல ஹோட்டல் சாப்பாடா விக்க பாக்கற கதை. வேலைக்கு போய்க்கிட்டே, ஃப்ரெண்ட்ஸ வெச்சு, சனி ஞாயிறுல நாலு வருஷம் எடுத்தாரு. ஏலியன் முகமூடிங்கள அம்மா வீட்டு ஓவன்ல சுட்டு எடுத்தாரு. ரெண்டு வேஷம் அவரே போட்டிருப்பாரு, ஒருத்தனுக்கு தாடி இன்னொருத்தனுக்கு கிடையாது, மலை உச்சில அந்த ரெண்டு பேரும் சண்ட போடுவாங்க, அதாவது அவரே அவரோட. ஒருத்தனோட ஷாட்ட எல்லாம் எடுத்துட்டு, இன்னொருத்தனோடத வேற காலத்துல எடுத்து எடிட்டிங்ல கோத்தாரு. அத பாத்து நான் வாய் விட்டு சிரிச்சிருக்கேன், ஆனா ஒரு ஃப்ரேம் கூட அலட்சியமா எடுத்ததில்ல. நாலு வருஷ வார லீவ யாரும் மட்டமா எடுக்கறதுக்காக செலவழிக்க மாட்டாங்க. காசில்லாதது தெரியட்டும், அதுல ஒரு தப்பும் இல்ல. அக்கறை இல்லாதது தெரிஞ்சுட கூடாது.

ஏலியன காட்டணுமான்னு கேட்டிருந்தீங்க. 1955 படத்துல போஸ்டர்ல பெரிய மிருகத்த வரைஞ்சு வெச்சிருந்தாங்க, படத்துல கடைசில வர்றது பால் பிளைஸ்டெல் செஞ்ச ஒரு சின்ன பொம்மை, முழம் உயரம் இருக்கும். பொம்மைல தப்பில்ல, அவ்ளோ பெருசா ஆச காட்டிட்டு அத நீட்டினதுதான் தப்பு. 2011ல வந்த ‘அட்டாக் தி பிளாக்’ இதையே வேற மாதிரி செஞ்சுது, ஏலியன் வேஷத்துல ஆளுங்கதான், ஆனா உடம்பு முழுக்க விவரமே தெரியாத கருப்பு, கண்ணு கூட கிடையாது, ஒளிர்ற பல்லு மட்டும். ஒரே ஒரு அம்சத்த மட்டும் காட்டினாங்க, அது மனசுல தங்கிடுச்சு.

உங்க கதைல ஏலியன் ஆட்டுக்குள்ள இருக்கு. அப்போ தனியா பொம்மை எதுக்கு? என்ன கேட்டா ஏலியன காட்டாதீங்க, ஆனா பாக்கறவங்க ஏமாறாம இருக்கறதுக்கு முதல் நிமிஷத்துலயே அதோட அடையாளம் ஒண்ண குடுத்துடுங்க. எல்லா ஆடும் ஒரே நேரத்துல தலைய நிமிர்த்தி ஒரே பக்கம் பாக்குது, அந்த மாதிரி ஏதாவது ஒண்ணு, வளக்கறவர் ஒரு பக்கமா நின்னு தீவனத்த ஆட்டினாலே கெடைச்சிடும். கடைசி ஷாட்ல, எல்லாம் முடிஞ்சுதுன்னு ஆளுங்க உக்காந்து சிரிச்சு பேசிட்டு இருக்கப்போ, மறுபடி அதே மாதிரி ஆடுங்க நிமிரட்டும், இந்த தடவ நாயும் சேந்து.

படம் முடிஞ்சதும் அனுப்பி வைங்க, கண்டிப்பா பாத்துட்டு எழுதறேன்.